பாட்டுக்காரர் பேர் என்ன?

சபாவில் ஒரு கீர்த்தனை பாடி முடிக்கும்போது கடைசி அடியில் அதை இயற்றியவரின் முத்திரை வந்துவிடும். தியாகராஜர் தன் பேரையே வைத்தார். முத்துசாமி தீட்சிதர் 'குருகுஹ' என்று வைத்தார். சியாமா சாஸ்திரி 'சியாமகிருஷ்ண' என்று வைத்தார். அவர்கள் செத்து நூற்றைம்பது, இருநூறு வருசம் ஆன பிறகும் எது யார் பாட்டு என்று பாட்டே சொல்லிவிடுகிறது. பாடுகிறவர் சொல்ல மறந்தாலும் பாட்டு மறப்பதில்லை.

நம் தெருப் பாட்டுக்கு இந்த ஏற்பாடு கிடையாது. நாற்று நடும்போது பாடியது, சாந்துச் சட்டி தூக்கும்போது பாடியது, சாவு வீட்டில் விடிய விடியப் பாடியது எல்லாமே புத்தகத்தில் ஏறும்போது 'நாட்டுப்புறப் பாடல்' ஆகிவிடுகிறது. வாய்மொழியாக வழங்கி வருவது என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது. அட்டையில் சேகரித்தவர் பேர் இருக்கும். உள்ளே பதிப்பித்தவர் பேர், அணிந்துரை தந்த பேராசிரியர் பேர் இருக்கும். 1871ல் சார்லஸ் கோவர் என்ற வெள்ளைக்காரர் தென்னிந்தியாவின் நாட்டுப் பாடல்கள் என்று சென்னையில் ஒரு புத்தகம் போட்ட காலத்திலிருந்து இதுதான் நடைமுறை. நா. வானமாமலை 1964ல் பதிப்பித்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' மாதிரியான நல்ல தொகுப்புகள் பாட்டுக்குக் கீழே சேகரித்தவர் பேரையும் வட்டாரத்தையும் குறித்தன. அது பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. அதற்கு அடுத்த வரி, அதாவது இந்தப் பாட்டைக் கட்டியவர் இன்னார் என்ற வரி, எழுதப்படாமலே நிற்கிறது.

பாட்டு என்ன காளானா, மழை பெஞ்சதும் தானா மொளைக்க? யாரோ ஒருத்தி ஒரு நாள் ஒரு வலியில், இல்லையென்றால் ஒரு கேலியில், முதல் அடியை எடுத்திருக்கிறாள். அவளுக்குப் பேர் இருந்தது. அந்தப் பேர் எப்படி உதிர்ந்தது என்பதுதான் என் கேள்வி.

நான் சேலையூர்க்காரன். ஓய்வு நேரத்தில் பாட்டுக் கட்டுகிறவன். கையில் ஒரு பழைய கிதார், கூட்டாளிகளிடம் ஒரு பறை, ஒரு டோலக். சுரம் எழுதத் தெரியாது. இது எனக்குத் தொழிலும் இல்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் "யாரப் பாத்துண்ணே பாட்டு எழுதக் கத்துக்கிட்ட?" என்று கேட்கிறார்கள். சினிமாப் பாடலாசிரியர் ஒருவர் பேரைச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் சொல்கிற பேர்கள் வேறு. மைக்கோ கரண்டோ இல்லாமல் வெறும் தொண்டையும் கையில் ஒரு கருவியுமாக நின்றவர்கள் அவர்கள். அவர்களுடைய வரலாற்றைப் பேர் என்ற ஒரே கயிற்றில் கோத்துப் பார்க்கும் முயற்சிதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் ஊர். தாம்பரம் ரயிலடிக்குக் கிழக்கே, ஏரியை ஒட்டிய ஊர் சேலையூர். 1931ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் விட்டார்கள். 1937ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்கு வந்தது. அதன் மாணவர் விடுதி ஒன்றுக்கு எங்க ஊர்ப் பேர்தான்: சேலையூர் ஹால். தேசமெங்கும் போன படிப்பாளிகளுக்குச் சேலையூர் என்றால் அந்த விடுதி. சேலையூர் என்று ஒரு ஊர், அதில் குடியிருப்புகள், அதற்குள் ஒரு சேரி இருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

இந்த ஊரில் வளர்கிறவன் காதில் இரண்டு ஓசை விழும். ஒரு பக்கம் கல்லூரி, தேவாலயம், கிதார், பியானோ, நாலு குரலில் பிரித்துப் பாடும் பாடகர் குழு. இன்னொரு பக்கம் சாவு மேளம். மின்சார ரயில் மூன்றாவது ஓசையையும் கொண்டுவந்தது. பெட்டியின் தகரத்தில் தாளம் தட்டிக் கல்லூரிப் பையன்கள் பாடும் கானா அது. வடசென்னையில் பிறந்த பாட்டு தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே தாம்பரம் வரை வந்துவிடும்.

இந்த மூன்றில் முதலாவதற்கு மட்டும் அச்சடித்த புத்தகம் உண்டு. பாட்டு எண் உண்டு. எழுதியவர் பேரும் வருடமும் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். மற்ற இரண்டுக்கும் மூலையே கிடையாது.

*

இது நேற்று வந்த வழக்கம் இல்லை. திருப்பாணாழ்வாரை எடுத்துக்கொள்வோம். பாணர் குலத்தவர். திருவரங்கத்தில் காவிரிக் கரையோரம் நின்று பாடியவர். கல்லெறிபட்டவர் என்பது கதை. பிறகு அவரை ஒரு முனிவர் தோளில் தூக்கிக்கொண்டு போனார் என்பதும் கதை. நாலாயிரத்தில் அவர் பாட்டாக இருப்பவை 'அமலனாதிபிரான்' என்ற பத்துப் பாசுரங்கள். நம்மாழ்வார் 'குருகூர்ச் சடகோபன்' என்று தன் பேரைப் பதிகந்தோறும் வைத்திருக்கிறார். ஆண்டாளும் ஊரையும் தகப்பனையும் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறாள். பாணர் பாடிய பத்திலும் அவர் பேர் இல்லை. அடக்கம் என்று உரைகாரர்கள் சொல்லலாம். பேர் சொல்ல முடியாத நிலையில் இருந்த ஒருவரின் பாட்டு என்றும் நாம் வாசிக்கலாம்.

நந்தன் கதை இதைவிட மோசம். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய பெரியபுராணத்தின்படி ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்த நந்தன், கோயில் முரசுகளுக்குப் போர்த்தும் தோலும் இழுத்துக்கட்டும் வாரும் கொடுத்தவன். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தவன். கோயிலுக்குள் கேட்ட இசைக்கெல்லாம் பொருள் கொடுத்தவன் வெளியே நின்றான். அவன் வாயால் பாடியது என்று ஒரு அடிகூட நமக்குக் கிடைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' எழுதினார். பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பார்ப்பனப் பண்ணையாரை அதில் கொண்டுவந்தார். அந்தக் கீர்த்தனைகள்தான் இன்றுவரை நந்தன் குரல் என்று பாடப்படுகின்றன. இரக்கத்தோடு எழுதியவர்தான், அதைக் குறைசொல்ல வரவில்லை. ஆனால் நந்தன் அழுத அழுகைக்கு அடியில் கோபாலகிருஷ்ணன் என்று முத்திரை விழுந்திருக்கிறது. நம் வலிக்கு அடுத்தவர் கையெழுத்துப் போடும் வரலாறு அங்கே நன்றாகத் தெரிகிறது.

அதே காலவெளியில் மராட்டியத்தில் வேறு மாதிரி நடந்தது. 14ஆம் நூற்றாண்டில் மங்கள்வேடையில் வாழ்ந்த சோகாமேளர் மகர் சாதியில் பிறந்தவர். பண்டரிபுரம் கோயிலுக்குள் அவரை விடவில்லை. இடிந்து விழுந்த சுவருக்கு அடியில் கூலி வேலையில் செத்தார். ஆனால் அவர் பாடிய அபங்கங்களில் 'சோகா சொல்கிறான்' என்ற முத்திரை இருக்கிறது. அவர் மனைவி சோயராபாய் இன்னும் ஒரு படி மேலே போனார். 'சோகாவின் மகரி' என்று, புருசன் பேரோடு தன் சாதிப் பேரையும் சேர்த்துக் கையெழுத்தாக வைத்தார். எதைச் சொல்லி உள்ளே விடாமல் தடுத்தார்களோ அதையே பாட்டின் கடைசி அடியில் ஆணியாக அடித்து வைத்தார். அறுநூறு வருசமாக யாராலும் அதைப் பிடுங்க முடியவில்லை.

பாட்டுக் கட்டுகிற எனக்கு முதல் ஆசான் சோயராபாய்தான்.

*

அந்த முத்திரை மராட்டியத்தில் அறுந்துபோகவில்லை. அம்பேத்கர் இயக்கம் எழுந்தபோது ஊர் ஊராக 'ஜல்சா' குழுக்கள் கிளம்பின. டோலக்கும் ஆர்மோனியமும் வைத்துக்கொண்டு, தமாஷா ஆட்டத்தின் வடிவத்தை எடுத்து, அதிலிருந்த சாமி வணக்கத்தைக் கழித்துவிட்டு, பீமராவின் சேதியைப் பாடினார்கள். அந்த வழியில் வந்த பெரிய பாட்டுக்காரர் வாமன்தாதா கர்டக் (1922–2004). நாசிக் மாவட்டத்துக்காரர். வளர்ந்து ஆளான பிறகு பம்பாயில் கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தவர். 1943ல் பாட்டுக் கட்ட ஆரம்பித்து ஆயிரக்கணக்கில் கட்டினார். அவர் பாட்டின் கடைசியில் 'வாமன்' வந்துவிடும். எந்தச் சேரியில் யார் பாடினாலும், பாடி முடிப்பதற்குள் கட்டியவர் பேரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சபாவில் தியாகராஜருக்கு இருந்த பாதுகாப்பை வாமன்தாதா தெருவிலேயே தனக்கு உண்டாக்கிக்கொண்டார்.

அண்ணாபாவ் சாத்தே (1920–1969) மாங் சாதியில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒன்றரை நாள் என்பார்கள். சாங்லி மாவட்டத்திலிருந்து குடும்பத்தோடு நடந்தே பம்பாய் வந்தார். 1944ல் அமர் சேக், கவாண்கர் ஆகியோரோடு சேர்ந்து 'லால் பாவ்டா கலாபதக்' என்ற செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார். முப்பதுக்கு மேல் நாவல் எழுதினார். 1959ல் வந்த 'பகீரா' நாவலை அம்பேத்கருக்குக் காணிக்கையாக்கினார். செத்தது வறுமையில்.

விலாஸ் கோக்ரே கதையைச் சொல்லாமல் தாண்ட முடியாது. பம்பாய்ச் சேரிகளில் பாடிய தலித் பாடகர். 1997 ஜூலை 11 அன்று காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதை எதிர்த்துக் கூடிய மக்கள்மீது போலீஸ் சுட்டதில் 10 பேர் செத்தார்கள். நாலு நாள் கழித்து விலாஸ் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். ஆனந்த் பட்வர்தன் 2011ல் முடித்த 'ஜெய் பீம் காம்ரேட்' ஆவணப்படம் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் படம் இல்லையென்றால் அவர் பேர் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ஒரு சேரிப் பாட்டுக்காரன் பேர் நிலைக்க ஒருவர் பதினாலு வருசம் படம் எடுக்க வேண்டியிருந்தது.

தெலுங்குப் பக்கம் கத்தர். மெதக் மாவட்டம் தூப்ரானில் ஒரு தலித் குடும்பத்தில் 1949ல் பிறந்த கும்மடி விட்டல் ராவ். அமெரிக்காவில் இருந்த பஞ்சாபிகள் 1913ல் தொடங்கிய கதர் கட்சியின் பேரை எடுத்துத் தன் பேராக்கிக்கொண்டார். 'ஜன நாட்டிய மண்டலி'யில் இடுப்பு வேட்டி, தோளில் கம்பளி, கையில் கோல், காலில் சலங்கை என்று மேடை ஏறுவார். ஆடுமாடு மேய்க்கிறவர்களின் கோலம் அது. 1997 ஏப்ரல் 6 அன்று வீட்டுக்கே வந்து சுட்டார்கள். ஒரு குண்டை முதுகுத்தண்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இருபத்தாறு வருசம் பாடினார். 2023 ஆகஸ்ட் 6ல் மறைந்தார். கடைசி வருடங்களில் அவர் எடுத்த அரசியல் நிலைகளில் எனக்கு எல்லாம் ஒப்பில்லை. ஆனால் பெற்றவர்கள் வைத்த பேரை விட்டுவிட்டுக் கலகத்தின் பேரை எடுத்தவர், கடைசி வரை அந்தப் பேராலேயே அழைக்கப்பட்டார்.

*

தமிழுக்கு வருவோம். 'மனுசங்கடா' என்ற பாட்டு தமிழ்நாட்டுச் சேரிகளில் ஒலிக்காத கூட்டம் இல்லை. 2017ல் அதே பேரில் ஒரு சினிமாப் படமே வந்தது. அந்தப் பாட்டைக் கேட்டவர்களில் பாதிப் பேர் அதுவும் பழைய பாட்டு, நம்மாளுங்க வழிவழியாப் பாடிக்கிட்டு வர்றது என்று நினைக்கிறார்கள். அதை எழுதியவர் இன்குலாப் (1944–2016). கீழக்கரையில் பிறந்த சாகுல் அமீது. சென்னை புதுக்கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அவர் இறந்த பிறகு 2017ல் வந்த சாகித்ய அகாதெமி விருதை அவர் குடும்பம் வாங்க மறுத்தது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஒரு கவிஞர் நம் வாயில் நிற்கிற பாட்டைத் தந்தார் என்று தெரிந்து பாடுவது வேறு, தெரியாமல் பாடுவது வேறு. தெரிந்து பாடினால் அந்தப் பாட்டுக்குள் ஒரு கூட்டணியின் வரலாறும் சேர்ந்து கேட்கும்.

அந்தப் பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோன தொண்டை கே.ஏ. குணசேகரன் (1955–2016). சிவகங்கைப் பக்கம் மாரந்தையில் பிறந்தவர். 'தன்னானே' கலைக்குழுவை நடத்தியவர். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார். 2005ல் வந்த அவருடைய 'வடு' சேரியில் பிறந்த பையன் பட்ட அவமானங்களை வீராப்பு இல்லாமல் சொன்ன புத்தகம். அவர் செய்த இன்னொரு காரியம் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். 'நாட்டுப்புறவியல்' என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் 'சேரிப்புறவியல்' என்ற சொல்லை வைத்தார். நாட்டுப்புறம் என்ற சொல்லுக்குள் ஊரும் சேரியும் ஒன்றாகக் கலந்து, சேரியின் கைவேலை காணாமல் போகிறது. சேரி என்று தனியாகச் சொன்னால்தான் எது யாருடையது என்ற கேள்வியாவது எழும். ஆள் பேரை மீட்பதற்கு முன்னால் இடத்தின் பேரை மீட்டார்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005), 'பரட்டை' என்ற பேரில் எழுதியவர், வேறொரு வேலை செய்தார். தேவாலயத்தில் கர்நாடக இசைக் கீர்த்தனையும் வெள்ளைக்காரன் மெட்டும்தான் வழிபாட்டுக்குத் தகுதி என்றிருந்த நிலையில், பறையும் கிராமிய மெட்டும் வைத்து முழு வழிபாட்டு முறையையே கட்டினார். எந்த இசையை மேலே வைக்கிறோம் என்பதும் சாதிதான் என்று வெளிப்படையாகச் சொன்னவர். 'பரட்டை' என்பது நம்மவர்களை ஏசுகிற சொல். எண்ணெய் காணாத தலை. அதைப் புனைபேராக எடுத்துக்கொண்டது சோயராபாய் செய்த அதே காரியம். அவர் இன்னொன்றும் சொன்னார்: என் பாட்டை அப்படியே பாட வேண்டியதில்லை, உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிப் பாடுங்கள். இதற்குப் பிறகு திரும்ப வருகிறேன்.

*

கடல் தாண்டி இரண்டு பேர். ஒருவர் எலிசபெத் காட்டன் (1893–1987). அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். இடது கைப் பழக்கம் உள்ளவர். வலது கைக்காரருக்குக் கட்டிய கிதாரை அப்படியே தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலால் மெட்டும் மற்ற விரல்களால் அடித்தந்தியும் வாசித்தார். தாயார் வீட்டு வேலைக்காரி, அவரும் சின்ன வயசிலேயே வீட்டு வேலைக்குப் போனார். பத்துப் பன்னிரண்டு வயசில், வீட்டருகே போகும் சரக்கு ரயிலை வைத்து ஒரு பாட்டுக் கட்டினார். பிறகு பல வருடம் கிதாரையே தொடவில்லை. வயதான காலத்தில் வாஷிங்டனில் சீகர் என்ற இசைக் குடும்பத்தில் வேலைக்காரியாக இருந்தபோது, சுவரில் தொங்கிய கிதாரை எடுத்து வாசிக்க, அப்போதுதான் அந்த வீட்டாருக்கே தெரிந்தது. அந்த வீட்டுப் பெண் பெகி சீகர் பாட்டை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே இரண்டு பேர் அதைத் தங்கள் பாட்டு என்று பதிவு செய்துவிட்டார்கள். 1957ல் அது பெரிய வெற்றிப் பாட்டானது. போராடித்தான் காட்டன் தன் பேரை மீட்க வேண்டியிருந்தது. 1958ல் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது. தொண்ணூறைத் தாண்டிய வயதில் கிராமி விருதும் வந்தது. அவர் வாசித்த முறைக்கே இன்று 'காட்டன் வாசிப்பு' என்று பேர். கிதார் பிடிக்கிறவன் விரலிலேயே அந்தப் பேர் உட்கார்ந்திருக்கிறது. தாம்பரத்தில் சரக்கு ரயில் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சின்னப் பெண் ஞாபகம் வரும்.

இன்னொருவர் சாலமன் லிண்டா (1909–1962). தென்னாப்பிரிக்காவின் சூலு இனத்தவர். 1939ல் ஜோகன்னஸ்பர்க்கில் 'ம்புபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். 'சிங்கம்' என்று அர்த்தம். உரிமைக்குக் கம்பெனி கொடுத்தது 10 ஷில்லிங். அந்தக் கம்பெனியிலேயே அவர் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இசைத்தட்டு அமெரிக்கா போய் பீட் சீகரிடம் சேர்ந்தது. 'உயிம்புபே' என்றது அவர் காதில் 'விமோவே' என்று விழுந்தது. அந்தப் பேரிலேயே அவருடைய குழு பாடிப் புகழ் சேர்த்தது. தட்டில் பாட்டாசிரியர் என்று 'பால் கேம்பெல்' பேர் போட்டார்கள். அப்படி ஒரு ஆளே கிடையாது, அந்தக் குழு தனக்கு வைத்துக்கொண்ட கற்பனைப் பேர். இல்லாத ஆளுக்குப் பேர் கிடைத்தது, இருந்த ஆளுக்குக் கிடைக்கவில்லை. பிறகு 1961ல் அதே மெட்டு ஆங்கில வரிகளோடு உலகமெல்லாம் பாடியது. 1994ல் டிஸ்னி சிங்கப் படத்திலும் வந்தது. லிண்டா வறுமையில் செத்தார். அவர் மகள்கள் வழக்குப் போட்டு 2006ல்தான் சமரசம் கிடைத்தது.

பீட் சீகர் கெட்டவர் இல்லை. தொழிலாளர் பக்கம் நின்றவர், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் பாடியவர். விசயம் தெரிந்ததும் லிண்டாவுக்கு 1000 டாலர் அனுப்பச் சொன்னார். ஆனாலும் அது 'ஆப்பிரிக்க நாட்டுப்புறப் பாட்டு' என்று நம்பித்தான் முதலில் எடுத்தார். நாட்டுப்புறப் பாட்டு என்று சொல்லிவிட்டால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்ற எண்ணம் நல்லவர்களையும் திருடர்கள் வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிடும். நம் முற்போக்குத் தோழர்கள் இதை யோசிக்க வேண்டும்.

*

இங்கே சென்னையில் கானாக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பேருக்கு முன்னால் 'கானா' என்று சேர்த்துக்கொண்டார்கள். கானா பழனி, கானா உலகநாதன், மரண கானா விஜி. சபாக்காரர் பேருக்குப் பின்னால் சாதி தொங்கிய காலம் உண்டு. இவர்கள் பேருக்கு முன்னால் பாட்டையே வைத்தார்கள். 2018 ஜனவரி 6 அன்று பா. ரஞ்சித்தின் முயற்சியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாகச் சென்னையில் மேடை ஏறியது. அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து எடுத்த பேர். பறையும் சட்டியும் கிதாரும் ஒரே மேடையில் நின்றன. அதில் பாடிய இசைவாணியை 2020ல் பிபிசி உலகின் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. 2025ல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பறை அடிக்கிறவரை ஒருமையில் கூப்பிட்ட நாட்டில் 'ஆசான்' என்ற சொல்லோடு ஒரு பறைக் கலைஞர் பேர் அரசாங்கப் பட்டியலில் ஏறியது சாதாரணக் காரியம் இல்லை.

ஆனால் சண்டை முடியவில்லை. 2021ல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டை எழுதியவர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த தன் பாட்டி வள்ளியம்மாளிடமிருந்து எடுத்த பாட்டு. அதே வருடம் ஒரு பெரிய இசைப் பத்திரிகையின் அட்டைப் படத்தில் அந்தப் பாட்டைக் கொண்டாடியபோது அறிவு படம் இல்லை. 2022ல் சென்னை சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு ஒலித்தபோது மேடையில் அறிவு இல்லை. எழுதியது, மெட்டமைத்தது, பாடியது தான் என்று அறிவு எழுதினார். உரிய பேர் எப்போதும் கொடுத்தோம் என்று இசையமைப்பாளர் தரப்பு சொன்னது. 2024ல் அந்தப் பாட்டால் எனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே சொன்னார். அந்த வழக்கை இங்கே நான் தீர்க்க வரவில்லை. கோடிக்கணக்கானவர் கேட்ட பாட்டு, எல்லாம் பதிவாகிற காலம், அதிலேயே பேருக்குச் சண்டை என்றால், பதிவே இல்லாத பாட்டுக்கு என்ன கதி என்பதுதான் என் கவலை.

என்ன கதி என்று எனக்குத் தெரியும். எங்க பெரியம்மா சித்தாள் வேலைக்குப் போனவங்க. சேலையூரைச் சுற்றி எழும்பிய அடுக்குமாடிகளில் பாதிக்கு அவங்க சாந்துச் சட்டி தூக்கியிருப்பாங்க. அவங்க பாடுகிற ஒரு பாட்டு உண்டு. பாதிச் சிரிப்பு, பாதி ஒப்பாரி. "பழைய பாட்டா பெரிம்மா?" என்று கேட்டேன். "பழைய பாட்டா? நாந்தாண்டா கட்னேன். ஒங்க பெரியப்பா வாரக் கூலிய குடிச்சுட்டு வந்து நின்ன அன்னிக்கு." இத்தன நாளாச் சொல்லலையே என்றால், "எவன் கேட்டான்?" அவ்வளவுதான் பதில். யாரோ போனில் பிடித்துப் பரப்பிய அந்தப் பாட்டை, சென்னைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் விழாவில் மாணவர் குழு அழகாகப் பாடியது. 'செங்கல்பட்டு வட்டாரப் பாரம்பரியப் பாடல்' என்று அறிவித்தார்கள். உயிரோடு, இரண்டு கல் தூரத்தில், முழங்கால் வலியோடு உட்கார்ந்திருக்கிற பொம்பளை எப்படிப் பாரம்பரியம் ஆவார்?

இந்தக் கட்டுரையில் அவங்க பேரைப் போடலாமா என்று கேட்டேன். "பேப்பர்ல வேணாம்பா, கண்டவன் படிப்பான். பாடுறப்ப சொல்லு. நாலு பேரு முன்னால சத்தமாச் சொல்லு." அவங்க சொன்னபடியே இங்கே விடுகிறேன். பேர் சொல்வது எவ்வளவு உரிமையோ, எங்கே சொல்ல வேண்டும் என்று முடிவு செய்வதும் அதே உரிமை.

*

ஒரு மறுப்பு வரும். பாட்டு எல்லாருக்கும் பொது இல்லையா, பேர் போட்டு வேலி கட்டினால் நாமும் முதலாளி ஆகிவிட மாட்டோமா என்று தோழர்கள் கேட்பார்கள். இதற்குப் பரட்டை அப்பாவிடம் பதில் இருக்கிறது. மாற்றிப் பாடச் சொன்னவரும் அவர்தான், பேரோடு எழுதியவரும் அவர்தான். பேர் வேறு, பூட்டு வேறு. வாமன்தாதா பாட்டை மராட்டியச் சேரி முழுவதும் காசு கொடுக்காமல் பாடுகிறது. பேர் சொல்லாமல் பாடுவதில்லை. பொதுவில் கிடக்கும் கிணற்றுக்கும் வெட்டினவர் பேர் இருக்கலாம். தண்ணி எல்லாரும் மொண்டுக்கலாம்.

சேலையூரில் நாங்கள் சில பேர் செய்துவருவதைச் சொல்லி முடிக்கிறேன். பாட்டு நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் அடியில் நாலு விவரம் எழுதுகிறோம்: கட்டியவர், தெரு, எந்த வருசம், என்ன நடந்தபோது. மாற்றிப் பாடினால் மாற்றியவர் பேரும் அதற்குக் கீழே. பறைக்கும் அப்படியே. வளையம் பண்ணியது யார், தோல் பதம் பண்ணிப் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டியது யார் என்று உள்பக்கம் எழுதி வைக்கிறோம். நந்தன் கொடுத்த தோலில் எழுதாமல் விட்டதை நாம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் பாட்டை ஆரம்பிக்கும் முன் பேர் சொல்லாமல் குச்சி விழக் கூடாது என்பது எங்களுக்குள் சட்டம்.

இதே செங்கல்பட்டுச் சீமையில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893ல் பத்திரிகை தொடங்கியபோது அதற்குப் 'பறையன்' என்று பேர் வைத்தார். மறைத்துக்கொண்டு பேசினால் உரிமை கிடைக்காது என்று கருதித்தான் வைத்தார். பாட்டுக்கும் அந்தக் கணக்குதான். உங்கள் தெருவில் பாட்டுக் கட்டுகிறவர் யார் என்று இன்றைக்கே போய்க் கேளுங்கள். அநேகமாக ஒரு கிழவி இருப்பாள். இதுவரை அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.